தடைக்காலம் முடிவதற்குள்

மே 20

இன்று வகுப்பில் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸின் 1953 ஆய்வு. லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. கடைசி பெஞ்ச் தண்டையார்பேட்டைப் பையன் கேட்டான்: "எங்கப்பாவும்தான் நாள் முழுக்க மூட்டை தூக்குறாரு, அவருக்கு ஏன் மேடம் வந்துச்சு?"

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் பாடமே எடுக்கிறேன். நடப்பது வேறு, தம் கட்டித் தூக்குவது வேறு. மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஓய்வில்லாமல் மணிக்கணக்கில் அதையே செய்வதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. ஸ்லைடை மூடிவிட்டு இதைப் பேசியதிலேயே மணி அடித்துவிட்டது.

மே 26

எங்கள் இதய நோயாளிகள் பயிற்சிக்கு வந்த காசிமேட்டு அண்ணன் ஒருவர், வயது 52, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். விசைப்படகுக்கு ஐஸ் பெட்டி ஏற்றுவது தொழில். ட்ரெட்மில்லில் ஏற்றினால் கைப்பிடியை விடவே மாட்டேன் என்கிறார். பிடித்துக்கொண்டு நடந்தால் உண்மையான திறனைவிடக் கூடுதலாகக் காட்டும்.

"இன்னா மேடம், ரோடு தானா ஓடுது!"

மாணவி 220லிருந்து 52ஐக் கழித்து, அதிகபட்சத் துடிப்பு 168 என்று எழுதினாள். அவர் சாப்பிடுவது மெட்டோப்ரோலால், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. நாடி அவ்வளவு ஏறவே ஏறாது. எவ்வளவு சிரமம் என்று நோயாளியே 6 முதல் 20 வரை சொல்லும் போர்க் அளவுகோலில், நாடி 108லேயே 15 என்று கை காட்டினார், அதாவது கஷ்டம். பயிற்சிக்கு 11 முதல் 14 வரை போதும். இனி அவருக்கு அதுதான் கணக்கு.

ஜூன் 3

பதவி உயர்வுக் கோப்பு. கட்டுரைக்குப் புள்ளி உண்டு, நோயாளியோடு நடைகூடத்தில் நின்ற நேரத்துக்குக் கிடையாது. அப்புறம் ஆறு நிமிட நடைச் சோதனை: 30 மீட்டர் நேர்பாதை வேண்டும், எங்கள் நடைகூடத்தில் யாரோ பீரோவை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 10

14ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. "15ஆம் தேதி போலாமா?" காசிமேட்டு அண்ணன் வந்ததிலிருந்து இதே கேள்விதான். அவர் பிழைப்பு கையில். நாங்கள் சோதித்ததோ கால். ஒரே அளவு ஆக்சிஜன் செலவுக்கு, கால் வேலையைவிடக் கை வேலையில் நாடியும் அழுத்தமும் அதிகம் ஏறும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மணல் மூட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தூக்க வைத்தோம். ஒவ்வொரு முறையும் இடுப்பை நெருங்கும்போது உதட்டை இறுக்கித் தம் பிடிக்கிறார். சத்தமாக எண்ணச் சொன்னேன். எண்ணுகிறவன் மூச்சை அடக்க முடியாது. அழுத்தம் முன்போல எகிறவில்லை.

ஜூன் 16

டாக்டர் முழு பாரத்துக்கு இன்னும் அனுமதி தரவில்லை. இப்போதைக்கு ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் வேலை. அண்ணனுக்குக் கோபம்தான், ஆனாலும் பயிற்சிக்கு வந்துவிட்டார்.

பளு தூக்குகிறவர்களுக்கென்று தனிச் சோதனை அமைக்கும் ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதுகிறேன் என்றேன்.

"ஆர்பர்ல நம்ம ஆளுங்க நெறய பேரு கீறாங்க, கூட்டினு வரவா?"

நெறிமுறைக் குழு ஒப்புதல் வரட்டும் அண்ணே.