ஏழாவது மலைக்கு, மாமாவின் நடையில்

கோயம்புத்தூரில் வளர்ந்தவர்களுக்கு மேற்கு என்றால் வெள்ளியங்கிரிதான். மழை வருமா என்று பார்க்க அந்தப் பக்கம்தான் திரும்புவோம். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் அது அங்கே நீலமாக நின்றுகொண்டிருக்கும். இப்படித் தினமும் கண்ணில் படுகிற மலையை நான் உண்மையில் பார்த்தது இந்த வருடப் பங்குனியில்தான்.

இதற்கு முன்னால் ஒருமுறை ஏறியிருக்கிறேன். 24 வயதில், நண்பர்கள் ஐந்து பேருடன், சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில். யார் முதலில் போய்ச் சேருவது என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. மூன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போனோம், கும்பிட்டோம், படம் எடுத்தோம், வந்த வேகத்திலேயே இறங்கினோம். இடது முழங்கால் வீங்கிப் பத்து நாள் நொண்டினேன். அந்தப் பயணத்தில் இன்று நினைவிருப்பது எனக்கு முன்னால் போனவரின் குதிகால் மட்டும்தான். ஒரு மரம், ஒரு பறவை, காற்றின் வாசம் எதுவும் மனதில் இல்லை.

கடந்த ஒரு வருடமாக என் நாட்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என்ன சாப்பிட்டேன் என்று யோசிக்க வேண்டியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. அம்மா இதை மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்னூர்ப் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருக்கிறார் மாமா. 63 வயது. வெள்ளியங்கிரிக்கு முப்பது முறை போனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, "மாப்ளே, தேய்பிறை அஷ்டமியன்னைக்கு மலைக்குப் போலாமுங்க. கூட்டம் இருக்காது" என்றார். மறுக்கத் தோன்றவில்லை.

காந்திபுரத்திலிருந்து பேருந்தில் பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. அடிவாரத்தில் பூண்டி வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். உச்சியில் இருக்கும் ஈசனைப் பார்க்க ஏழு மலை ஏற வேண்டும். முடியாதவர்கள் இங்கேயே தரிசனம் செய்துவிட்டுத் திரும்பலாம், அதுவும் நிறைவான தரிசனம்தான். வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை மேலே ஏற அனுமதிக்கிறது. சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். யானைகள் நடமாடும் காடு இது. இந்தக் கெடுபிடி இன்னும் கூடினாலும் நல்லதுதான்.

மூங்கில் தடி வாங்கும்போது மாமா அவசரப்படவில்லை. பத்துத் தடிகளையாவது எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். கணு நெருக்கமாக இருக்க வேண்டும், அடிப்பக்கம் பிளந்திருக்கக் கூடாது, ஊன்றி நின்றால் முழங்கை லேசாக மடங்கும் உயரத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஒன்று தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் எவ்வளவு தூரம்னு மட்டும் கேக்கக் கூடாதுங்க மாப்ளே. பேசறதுன்னா உக்காந்து பேசிக்கலாம். நடக்கையில பேச்சு வேண்டாம்." அப்புறம் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். நானும் கழற்றினேன்.

முதல் மலைதான் சோதனை. செங்குத்தாகக் கற்படிகள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது நான்கு விரற்கடை. கால் ஒரு தாளத்துக்குப் பழகுவதற்குள் தாளம் மாறிவிடும். அஷ்டமி என்பதால் நள்ளிரவு வரை நிலா கிடையாது. டார்ச் வெளிச்சத்தில் அடுத்த இரண்டு படிகள்தான் தெரியும். மாமா தடியை ஊன்றுவார், ஒரு காலை வைப்பார், மூச்சை விடுவார், பிறகுதான் அடுத்த கால். எனக்கு அது தாங்கவில்லை. அவரைத் தாண்டி முன்னால் போனேன், ஐம்பது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். அவர் அதே நடையில் வந்து, என்னைக் கடந்து, போய்க்கொண்டே இருந்தார். மறுபடி எழுந்து தாண்டினேன், மறுபடி உட்கார்ந்தேன். நான்காவது முறை அவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன். தடி, கால், மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளுக்குள் ஒரு நமசிவாய. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடப்பது நின்றது.

அதன் பிறகுதான் காது திறந்தது என்று சொல்ல வேண்டும். சுவர்க்கோழிச் சத்தம் ஒரே இரைச்சலாக இருந்தது, கவனித்துக் கேட்டால் இடத்துக்கு இடம் மாறியது. பாதத்துக்கு அடியில் கல்லின் சூடு குறைந்து ஈரம் தொடங்குகிற இடம் தெரிந்தது. எங்கோ மூங்கில்கள் உரசி முனகின. பகல் முழுக்க வெயிலில் கிடந்த சருகின் வாசம். பத்து வருடத்துக்கு முன்பும் இவையெல்லாம் இங்கேதான் இருந்திருக்கும்.

வழுக்குப்பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள். அதையும் தாண்டி, கைதட்டிச் சுனைக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கை தட்டினால் நீர் சுரக்கும் என்பது நம்பிக்கை. பாறையிலிருந்து வருகிற தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தேன். மூலிகையும் வேரும் கலந்த ஒரு லேசான துவர்ப்பு. அப்போதுதான் கிழக்கே தேய்ந்த நிலா மரங்களுக்கு மேலே வந்திருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தம்பி பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபது வயது இருக்கலாம். உடன் வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்களாம். முகம் வியர்த்து, கை நெஞ்சில் இருந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். "சாமி, ஒண்ணுமில்ல, மெதுவா மூச்சு விடுங்க" என்று சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டார். அவன் தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்கப் போனபோது தடுத்து, வாய் வாயாகக் கொடுத்தார். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இப்போது கிளம்பினால்தான் உச்சியில் சூரிய உதயம். அதைத் தவறவிட்டால் இவ்வளவு தூரம் வந்ததற்கு என்ன பொருள்? இந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மாமா கடிகாரத்தையே பார்க்கவில்லை. தம்பிக்கு முகம் தெளிந்தும், மேலே ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இறங்கி வந்த ஐந்தாறு பேரை நிறுத்தி, அவனை நடுவில் விட்டு, அடிவாரத்தில் இருக்கும் மருத்துவ முகாமில் காட்டச் சொல்லி அனுப்பினார். முக்கால் மணி நேரம் போயிருந்தது. ஒவ்வொரு பருவத்திலும் இந்த மலையில் மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் சிலர் உயிரிழக்கிறார்கள். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது. நன்றாக இருப்பவர்களும், உடன் வந்தவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மேலே போகப்போக மரங்கள் குட்டையாகி, ஓடை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு கறுப்பாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் புல். மழைநீரைக் குடித்துவைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது இந்தப் புல்லும் சோலையும்தான். இந்த மலைத்தொடரில் பிறக்கிற நொய்யல்தான் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலைத் தொட்டு, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. ஊருக்குள் அந்த ஆறு என்ன நிறத்தில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். மேலே அந்தத் தெளிந்த நீரைக் குடித்த பிறகு அதை நினைக்க வலிக்கிறது.

உதயம் எங்களை ஐந்தாவது மலையில் பிடித்தது. மாமா புல்லில் உட்கார்ந்துவிட்டார். கீழே இரவெல்லாம் மினுங்கிய கோவையின் விளக்குகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. காற்று காதைக் கிழித்தது. உச்சி வானத்தில் அரை நிலா அப்படியே இருக்க, கிழக்கில் ஆரஞ்சுப் பழத் தோல்போல ஒரு கீற்று. கீழே சோலையிலிருந்து ஒரு பூங்குருவி பாடியது. மனிதன் யாரோ யோசித்துக்கொண்டே சீட்டியடிப்பது போன்ற பாட்டு அது. சற்று நேரத்தில் பள்ளத்தின் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

உட்கார்ந்தால் பேசலாமே. மாமா அப்பர் சுவாமிகள் கதையைச் சொன்னார். கயிலையைக் காணாமல் திரும்புவதில்லை என்று புறப்பட்டவர். பாதம் தேய்ந்து, கையால் ஊர்ந்து, மார்பால் தவழ்ந்து, கடைசியில் உருண்டும் போனார். இறைவன் அவரை ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழச் செய்தார். எழுந்தவர் கண்ணில் பட்டவை யானையும் பிடியும், மயிலும் பேடையும், இப்படி இணை இணையாக உயிர்கள். அவற்றிலேயே அம்மையப்பனின் திருப்பாதத்தைக் கண்டுகொண்டதாகப் பாடினார்.

"கயிலைக்குப் போகலியேன்னு அவுரு வருத்தப்படலீங்க மாப்ளே" என்றார் மாமா. பூங்குருவிகள் மாறி மாறிப் பாடிக்கொண்டிருந்தன. வெள்ளியங்கிரியைத் தென்கயிலை என்கிறோம். அந்தப் பெயரைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது. உச்சியில் உதயம் பார்க்கவில்லையே என்ற குறை எந்த நேரத்தில் போனது என்று தெரியவில்லை.

ஆறாவது மலையில் இறங்கினால் ஆண்டி சுனை. முழுக்குப் போட்டுவிட்டுத்தான் ஏழாவது மலை ஏறுவது வழக்கம். தண்ணீர் உடம்பில் பட்டதும் மூச்சு நின்று திரும்பி வந்தது. பல் கிடுகிடுக்க, வேட்டி ஈரத்தோடு, "வெள்ளியங்கிரி ஆண்டவருக்கு அரோகரா" என்று யாரோ குரல் கொடுக்க, நானும் கொடுத்தேன். கடைசி ஏற்றம் முதல் மலையைப் போலவே செங்குத்து. கால்கள் தளர்ந்த பிறகு வருவதால் இன்னும் கடினம். தடி, கால், மூச்சு.

ஏறக்குறைய 6000 அடி உயரத்தில், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளுக்கு அடியில் சுயம்புவாக இருக்கிறார் ஈசன். கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை. குனிந்துதான் போக வேண்டும். கற்பூர வெளிச்சத்தில் பாறையின் உட்புறம் ஒருகணம் பொன்னிறமானது. வேண்டுதல்கள் சில எழுதிக்கொள்ளாத குறையாக மனதில் வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. திருநீற்றை வாங்கி நெற்றியில் இட்டபோது கண் நிறைந்துவிட்டது. மாமா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

இறங்குவதுதான் முழங்காலுக்கு வேலை. நடுவழியில் மாமா ஒதுங்கி நின்று, "இப்ப நீங்க முன்னால போங்க" என்றார். போனேன். வெயில் ஏறிவிட்டது. இரவில் பார்க்காத வழி இப்போதுதான் தெரிந்தது: வேர்கள் படியைப் பிடித்திருக்கும் விதம், பாறையிடுக்கில் பூத்திருந்த ஊதாப்பூ, எறும்புகள் வழியைக் கடக்கும் இடம். அங்கே இருவரும் எட்டுவைத்துத் தாண்டினோம். வெகுநேரம் கழித்துத்தான் பின்னால் மாமாவின் தடிச் சத்தம் காதில் விழுந்தது. என் தடி விழும் அதே நொடியில் அதுவும் விழுந்துகொண்டிருந்தது.

சாவடியில் பாட்டிலைக் காட்டி முன்பணத்தை வாங்கிக்கொண்டோம். அந்தத் தம்பியைப் பற்றி மாமா முகாமில் விசாரித்தார். பரிசோதித்து, ஓய்வெடுக்க வைத்து, வீட்டாரை வரவழைத்து அனுப்பிவிட்டார்களாம்.

தடிகள் இரண்டும் இப்போது எங்கள் வீட்டுப் பூசையறை மூலையில் சாய்ந்திருக்கின்றன. என்னுடையதின் அடி, கல்லில் ஊன்றி ஊன்றி வேப்பங்குச்சி மென்றதுபோல் நார் நாராகியிருக்கிறது. காலையில் பேரூர்ப் படித்துறை வரை நடந்து வருகிறேன், மாமாவின் நடையில். போன வாரம் மாமா அம்மாவிடம் போனில் பேசும்போது, தடிகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அடுத்த பங்குனிக்கு ஆகும் என்று சொல்லியிருக்கிறார்.