கடைசி வரிசையில் அ

ஜூன் 2 (24 வாரம் + 5 நாள்)

பதினெட்டு. கருப்பை வாயின் நீளம், மில்லிமீட்டரில். ஸ்கேன் எடுத்த பெண் எண்ணை மட்டும் சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி கழிவறைக்குப் போக மட்டும் எழுந்திருக்கலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும்.

தம்பி மடிக்கணினியில் பால்டர்ஸ் கேட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 1998இல் வந்த ஆட்டத்தை 2012இல் புதுப்பித்து விட்ட பதிப்பு. “சீரியல் பார்த்தா மனசு வேற எங்கயோ போகும்க்கா. இது போக விடாது” என்றான்.

ஜூன் 3

பாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே ஒரு மணி நேரம் போனது. பலம், லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு எண்கள். கணினி பகடை உருட்டிக் கொடுக்கிறது. பிடிக்கவில்லையா, மறுபடி உருட்டலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டலாம், நல்லதாக ஒன்று விழுந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் உருட்டலாம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கை நிற்கவே இல்லை.

போர்வீரனாக்கு என்றான் தம்பி. கூட்டத்தில் ஆறு பேர் இருந்தாலும் “நீ செத்தா ஆட்டம் முடிஞ்சுது, மத்த அஞ்சு பேரும் நின்னுக்கிட்டு இருந்தாலும் முடிஞ்சுது.” நான் மந்திரவாதியை எடுத்தேன். முதல் நிலையில் மந்திரவாதிக்கு 4 உயிர்ப்புள்ளி. உடலுறுதியை 16 ஆக்கினால் இன்னும் 2. அதற்கு மேல் ஏற்றினால் போர்வீரர்களுக்குத்தான் லாபம், மந்திரவாதிக்கு எதுவும் ஏறாது. மிச்சப் புள்ளிகளை லாவகத்தில் போடச் சொன்னான், 18 வரை. ஆக ஆறு உயிர். எதிரி ஒரு கத்தியை ஒழுங்காக வீசினால் போதும்.

பெயர் கேட்டது. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போதே பெயரா என்பது போல ஒரு பார்வை. ஒற்றை எழுத்து மட்டும் தட்டினேன். இங்கே அ என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 4

ஓநாய். மூன்று தடவை.

ஜூன் 5 (25+1)

தவறு என்னுடையதுதான். கேண்டில்கீப்பை விட்டு அவசரமாக வெளியே வந்துவிட்டேன். அது மதில் சூழ்ந்த நூலகம், பாதுகாப்பான இடம், அங்கேயே செய்ய நிறையச் சின்ன வேலைகள் இருக்கின்றன. ஒருவருக்குச் சுருள் கொண்டுவந்து கொடு, இன்னொருவரின் பசுவுக்கு மருந்து வாங்கிக் கொடு, கிடங்கில் எலி அடி. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காசும் அனுபவமும் கிடைக்கும். கொலையாளிகள் இரண்டு பேர் உள்ளேயே ஒளிந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் தனியாக நிற்பவனிடம் போய்ப் பேசும் முன் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்வது நல்லது.

இந்தத் தடவை எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெளியே வந்தேன். அன்று இரவே கோரியன் செத்துப்போகிறார். அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள். “யாரு, அப்பாவா?”

“வளர்த்தவர்.”

“அப்ப அப்பாதான்” என்றாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 7

உறக்க மந்திரம். ஆட்டத்தின் முதல் பாதிக்கு ஒரே ஒரு யோசனை சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். முதல் நிலை மந்திரம்தான், ஆனால் ஆரம்பத்தில் வரும் ஓநாய், கிப்பர்லிங், கோபால்ட், கொள்ளைக்காரன் எல்லாம் ஒரே வீச்சில் விழுந்துவிடுகின்றன. தூங்குகிறவன் மேல் எந்த அடியும் தவறாது. நெருங்கி வரும் வரை காத்திருந்து போடக் கூடாது, தூரத்திலேயே போட வேண்டும். எல்ஃப்கள் அநேகமாகத் தப்பிவிடுவார்கள். எலும்புக்கூடுகள் தூங்கவே தூங்காது.

போட்டால் மந்திரம் மறந்துபோகும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால்தான் திரும்ப வரும். அ வழியெல்லாம் படுத்துக்கொண்டே போகிறது. திட்ட யாரும் இல்லை.

ஜூன் 9 (25+5)

எதிர்வீட்டு அத்தை வந்தார். அவர் மருமகள் ஏழு மாதம் வரை மாடிப்படி ஏறி இறங்கினாளாம். அம்மா காபி கொடுத்துச் சீக்கிரமாக அனுப்பிவிட்டாள். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். இன்று ஆடவில்லை.

ஜூன் 10

ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிப் படிக்கட்டு. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

கோரியன் சொல்லி அனுப்பிய இடம் அது, உள்ளே நமக்குத் துணையாகக் காலித்தும் ஜஹீராவும் காத்திருக்கிறார்கள். வந்துவிட்டோம், பிழைத்துவிட்டோம் என்று படியேறும்போது டார்னேஷ் என்கிற மந்திரவாதி பேச்சுக் கொடுக்கிறான். பேச்சு முடிந்ததும் தன்னைப் போலவே பல பிம்பங்களை உண்டாக்கிக்கொள்கிறான், நம் அடிகள் அவற்றின் மேல் விழுந்து வீணாகும். அடுத்து பீதி மந்திரம். நம் ஆட்கள் சொல்பேச்சுக் கேட்காமல் மூலைக்கொருவராக ஓடுவார்கள். அப்புறம் மந்திர அம்பு, அது தவறவே தவறாது. ஆறு உயிர் எம்மாத்திரம்.

அடைக்கலம் என்று வந்த இடத்தின் வாசலிலேயே இப்படியா. எனக்கு அழுகையே வந்துவிட்டது, எதற்கு என்று தெரியும், இதற்கு இல்லை. பதினோரு மணிக்குத் தம்பி ஷிஃப்ட் இடைவேளையில் கூப்பிட்டான்.

“அவன் மந்திரம் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் மேல ஒரு அடி விழணும். அவ்வளவுதான்க்கா. அடி விழுந்தா மந்திரம் கலைஞ்சிடும்.”

அதனால் முதலில் இடைநிறுத்த வேண்டும். ஸ்பேஸ் பார். இந்த ஆட்டத்தில் சண்டை நிற்காமல் ஓடும், ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி. நிறுத்தி வைத்துக்கொண்டு ஆறு பேருக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுக்கலாம், நேரக் கணக்கு கிடையாது. கூட வரும் இமோயனை வில்லோடு ஒரு பக்கம் நிறுத்தினேன். அவள் கொண்டுவரும் மந்திரக்கோலை அவள் பயன்படுத்த முடியாது, அதை வாங்கி அ கையில் கொடுத்தேன். அ ரொம்பத் தள்ளி. அவன் கையைத் தூக்கியதும் நிறுத்தினேன். அம்பு, கோல், அம்பு. ஒவ்வொரு விநாடிக்கும் நிறுத்தினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில் அவன்தான் படியில் கிடந்தான்.

அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லலாமா என்று இருந்தது. எழுப்பினால் வேறு எதற்கோ என்று பயந்துவிடுவார்.

ஜூன் 12 (26+1)

பதினேழு.

ஜூன் 13

கவச எண் பற்றி. இந்த விதிகளில் கவச எண் குறைந்தால் நல்லது. வெறும் உடம்புக்கு 10, தட்டுக் கவசமும் கேடயமும் இருந்தால் 2, இன்னும் நன்றாக இருந்தால் பூஜ்யம், அதற்கும் கீழே மைனஸ். அடிக்கும் திறனுக்குத் தாக்கோ என்று ஒரு எண், அதுவும் குறையக் குறைய நல்லது. தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால், இருபது முகப் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்பது வரும். தாக்கோ 18, எதிரி 5 என்றால் 13 விழ வேண்டும். எதிரி 0 என்றால் 18. எதிரி மைனஸ் 1 என்றால் 19.

முதலில் தலை சுற்றியது. இப்போது பழகிவிட்டது. கடையில் ஒரு பொருளைப் பார்த்ததும் எவ்வளவு குறையும் என்றுதான் கண் போகிறது. காலித் 1. ஜஹீரா 3. இமோயன் 4. எல்லாரும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பதினெட்டு, பதினேழு. அது மட்டும் குறையக் கூடாது. பத்து நாளில் ஒரு மில்லிமீட்டர். அளக்கும் கையைப் பொறுத்து அவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம். மறுபடி அளங்கள் என்று கேட்டிருக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

ஜூன் 15

நாஷ்கெல் சுரங்கம். குறுகலான வழிகளில் ஆறு பேரையும் ஒன்றாக அனுப்பக் கூடாது. முன்னால் இருப்பவன் வழியை அடைத்துக்கொண்டால் பின்னால் இருப்பவர்கள் சுற்றுவழி தேடிக்கொண்டு எங்கோ போய் எதிரிகள் நடுவில் நிற்பார்கள். இரண்டிரண்டு பேராக நகர்த்த வேண்டும். கவசக்காரர்கள் முன்னால், வில் வைத்திருப்பவர்கள் நடுவில், அ கடைசியில். அடிக்கடி பார்க்க வேண்டியது அ பின்னால் யாராவது வருகிறார்களா என்று. கடைசி வரிசை பத்திரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பகுதியில் இரும்பே கெட்டுக் கிடக்கிறது, கதையே அதுதான். சண்டை நடுவில் வாள் உடைந்துவிடும். மந்திரம் ஏறிய ஆயுதம் உடையாது, அது கிடைக்கும் வரை ஆளுக்கொரு மாற்று ஆயுதம் பையில் இருக்க வேண்டும். அடியில் இருக்கும் முலாஹி எலும்புக்கூடுகளைத் துணைக்கு அழைப்பான். அவற்றின் மேல் அம்பு பெரிதாக ஏறாது, தடியும் கதாயுதமும்தான்.

ஜூன் 16

காலித் செத்துவிட்டான். பழைய சேமிப்புக்குத் திரும்பவில்லை. சாகிறவரின் பொருள் எல்லாம் தரையில் சிதறும், அதை முதலில் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் நாஷ்கெல் கோவிலுக்குப் போனால் காசு வாங்கிக்கொண்டு எழுப்பித் தருவார்கள். எழும்போது ஒரே ஒரு உயிர்ப்புள்ளிதான் இருக்கும். உடம்பு துண்டு துண்டாகச் சிதறிப் போனவர்களை மட்டும் எந்தக் கோவிலும் எழுப்பாது. காலித் சிதறவில்லை. ஜஹீரா அவன் மனைவி. அவளைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஜூன் 18 (27+0)

முதல் ஊசி. நாளை இதே நேரம் இரண்டாவது. குழந்தையின் நுரையீரலுக்கு.

ஜூன் 19

இரண்டாவது.

ஜூன் 20

தம்பி ஒன்று சொன்னான். இந்த ஆட்டத்தைச் செய்த பயோவேர் நிறுவனத்தை 1995இல் கனடாவின் எட்மண்டனில் தொடங்கியவர்களில் மூன்று பேர் மருத்துவம் படித்தவர்கள். ரே முசிக்கா, கிரெக் ஸெஷுக், அகஸ்டின் யிப். மந்திரவாதியின் உயிருக்கு நாலு முகப் பகடை என்பது அவர்கள் வைத்ததில்லை, அது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு விதி. இருந்தாலும் எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. நிறுத்திவிட்டு யோசி என்று ஒரு பொத்தான் கொடுத்தவர்கள் டாக்டர்கள்.

அவன் பத்தாவது முடித்த லீவில் இதை ஐந்து சிடியில் ஆடினான். இரவில் விசிறிச் சத்தத்துக்கு மேல் அந்தப் பெட்டி உறுமும், நான் படிக்க முடியவில்லை என்று அப்பாவிடம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு சிடியில் கீறல் விழுந்து, பால்டர்ஸ் கேட் நகரத்துக்குள்ளேயே போகாமல் அவன் ஆட்டம் நின்றுபோனது. நகரம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்கிறான். அவனிடமும் மடிக்கணினி இருக்கிறது, ஆடிப் பார்க்கலாம். நீ போய்ச் சொல்லு என்கிறான்.

ஜூன் 25 (28+0)

இருபத்தெட்டு!

எட்டாவது நிமிடத்தில் பத்து அசைவு. அம்மா பால் பாயசம் வைத்தாள்.

மின்ஸ்க்கைச் சேர்த்துக்கொண்டேன். பெரிய ஆள், கையில் ஒரு வெள்ளெலி, பெயர் பூ. டைனாஹேர் என்ற பெண்ணை னோல் அரக்கர்களின் கோட்டையிலிருந்து மீட்க வேண்டும் என்கிறார். சேர்த்துக்கொண்டு வேறு வேலையாக அலைந்தால் கோபம் வந்து நம்மையே அடிப்பார், அதனால் மற்றதை முடித்துவிட்டுக் கூப்பிடுவது நல்லது. ஆளைச் சேர்க்கும் முன் யாருக்கு யாரைப் பிடிக்காது என்றும் பார்க்க வேண்டும். வழியில் வரும் ஸாரையும் மோன்டரானையும் வைத்துக்கொண்டால் ஒருநாள் காலித், ஜஹீராவோடு வெட்டுக்குத்துதான். வீட்டில் பேசிக்கொள்ளாத இரண்டு சித்தப்பாக்களை ஒரே வண்டியில் ஏற்றுவது போல.

ஜூன் 27

டைனாஹேர் கிடைத்தாள். குழியில் இருந்தாள். இப்போது இரண்டு மந்திரவாதிகள். ஒருத்தி உறக்கம் போட்டால் இன்னொருவருக்கு மிச்சம் இருக்கும்.

ஜூலை 1

வலி இல்லை. வலி மாதிரி ஒன்று. இருபது நிமிடம் இடது பக்கம் படுத்தேன், தண்ணீர் குடித்தேன். போய்விட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 3 (29+1)

பதினான்கு.

ஜூலை 4

கவனமாக ஆடுகிறேன். ஒரே இடத்தில் சேமித்துக்கொண்டே போகக் கூடாது, நாலைந்து தனித்தனி இடங்கள் வேண்டும். தோற்கப்போகும் நொடியில் சேமித்துவிட்டால் எத்தனை தடவை திறந்தாலும் அந்த நொடிதான் வரும். எனக்கு அப்படி ஆனது. முந்தையது இருந்ததால் பிழைத்தேன்.

அ இப்போது ஐந்தாம் நிலை. உயிர் 21.

ஜூலை 8

கிளோக்வுட் காடு. சிலந்தி. அம்மா பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பகுதியை ஆடுவதில்லை. வலையில் ஒட்டிக்கொண்டால் அசைய முடியாது, விஷம் ஒவ்வொரு விநாடியாக உயிரைக் குடிக்கும். விஷமுறிவு மருந்து ஆளுக்கு ஒன்றாவது பையில் இருக்க வேண்டும், காட்டுக்குள் கடை கிடையாது. பெரகாஸ்ட் ஊரிலேயே வாங்கிவிட வேண்டும்.

ஜூலை 10 (30+1)

பை தயார். வெள்ளைத் துணி, சின்ன சாக்ஸ், கோப்பு, சார்ஜர். அம்மா மூன்று தடவை பிரித்து மூன்று தடவை அடுக்கினாள். பெயர் பற்றி அவர் ஏதோ ஆரம்பித்தார், நான் வேண்டாம் என்றேன்.

ஜூலை 13

தூக்கமே இல்லை.

ஜூலை 17 (31+1)

கிளோக்வுட் சுரங்கம். நாலு தளம். அடியில் டேவயார்ன் என்கிற மந்திரவாதி. அவன் இருக்கும் இடத்துக்குப் போகும் தரையெல்லாம் பொறி. இமோயனை முன்னால் விட்டுப் பொறி தேடச் சொல்லி, மற்றவர்களை நிறுத்தி வைத்துவிட்டு, அவள் நகர நகரக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. தம்பி சொன்னான், இதை முடித்தால் நகரத்தின் கதவு திறக்கும்.

மேலே அடிமைகளை வைத்துச் சுரங்கம் தோண்டுகிறார்கள். ரில் என்ற ஒருவன் 100 பொற்காசு கேட்டான், காவலனுக்குக் கொடுத்து எல்லாரையும் வெளியே கூட்டிப்போக. பேரம் பேசாமல் கொடுத்தேன். டேவயார்னிடம் ஒரு சாவி இருக்கிறது. அதை வைத்து மதகைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீர் புகுந்து சுரங்கம் முழுக்க மூழ்கிவிடும். அதற்குள் அவர்கள் வெளியே போய்விட வேண்டும். காசு கொடுக்காமல் திறந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 19

டேவயார்ன் செத்தான். டைனாஹேரும் அ-வும் மாறி மாறிக் கோலால் அடித்தார்கள், மின்ஸ்க் கிட்டே போகும்போது அவனிடம் மந்திரம் எதுவும் மிச்சம் இல்லை. யாரும் சாகவில்லை. ஆறு பேரும் இருக்கிறார்கள்.

சாவி கையில் இருக்கிறது. மதகு முன்னால் நிற்கிறோம். பதினோரு மணிக்குத் தம்பி கூப்பிடுவான், அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது திறக்கலாம் என்று சேமித்து வைத்தேன். ஏழாவது இடத்தில் இருக்கிறது. இன்று அவனுக்கு வேலை அதிகம், கூப்பிடவில்லை. நாளை.

ஜூலை 20 (31+4), காலை 3.40

அவரை எழுப்பினேன்.