வீட்டில் இல்லாதவரையும் எழுதுங்கள்: புலம்பெயர்வுக் களப்பணியில் கற்றவை

புலம்பெயர்வையும் ஏற்றத்தாழ்வையும் ஆராய வருபவர் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே தடுக்கி விழுவார். "வீட்டில் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டால், வெளிநாட்டில் இருப்பவர் விட்டுப்போவார். இங்கே தங்கியிருப்பவர்கள், வெளியே இருந்து பணம் அனுப்புபவர்கள், தனிக்குடித்தனம் போன பிள்ளைகள் என்று மூன்று முறை கேட்க வேண்டும். 1982இல் தொடங்கிய மெக்சிகோ புலம்பெயர்வு ஆய்வுத் திட்டத்திலும் குடும்பத் தலைவரின் பிள்ளைகள் எங்கிருந்தாலும் பட்டியலில் ஏறுவார்கள். ஊருக்குச் சுமார் 200 வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்பார்கள். போனவர்கள் திரும்பி வரும் டிசம்பர், ஜனவரியில் களப்பணி.

பூட்டிய வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவதுதான் பெரிய பிழை. குடும்பத்தோடு போனவர்கள் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்து, போன இடத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே ஒரே அறிமுகத்தை நம்பினால் ஒரே முகவர் அனுப்பிய ஆட்களே வருவார்கள். ஐந்தாறு வெவ்வேறு ஆட்களிடமிருந்து தொடங்குங்கள்.

ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. கட்டம் போட்ட தாளில் ஆண்டுகளைக் கீழ்நோக்கியும், ஊர், வேலை, திருமணம், பிள்ளைப்பேறு, கடன் ஆகியவற்றைக் குறுக்காகவும் எழுதிக்கொள்ளுங்கள். "மூத்தவள் பிறந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டால் மற்றவை தானாக வரும். கடன் கட்டத்தை மட்டும் அவசரமாக நிரப்பாதீர்கள். யார் கொடுத்தது, என்ன வட்டி, அடைக்க எத்தனை மாதம்? அண்ணன் அழைத்துப் போனவரும் வட்டிக்கு வாங்கிப் போனவரும் ஒரே சம்பளத்தில் எப்படி விலகிப் போகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

அனுப்பிய பணத்தை வருமானத்தோடு கூட்டி, ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் அளக்கும் ஜினி குறியீடு போடுவது சுலபம், ஆனால் ஏமாற்றும். நிகரகுவாவின் புளூஃபீல்ட்ஸ் நகரத் தரவை வைத்து 1998இல் வெளியான ஆய்வில், வெறுமனே கூட்டியபோது ஏற்றத்தாழ்வு குறைந்தது. போனவர் ஊரிலேயே இருந்திருந்தால் என்ன சம்பாதித்திருப்பார் என்று மதிப்பிட்டு ஒப்பிட்டபோது கூடியது. அதனால் படிப்பு, புறப்படுமுன் பார்த்த வேலை, அதன் கூலி மூன்றையும் அன்றே கேளுங்கள். பிறகு கேட்க ஆள் கிடைக்க மாட்டார்.

ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், மொழிபெயர்ப்பு தனி. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள்.

தங்குவதற்கான ஆவணமில்லாதவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்காதீர்கள்; அந்தத் தாளே அவருக்கு எதிரான சாட்சியாகலாம். வாய்மொழி ஒப்புதலுக்கு முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பெயரையும் அதற்குப் பதிலாகத் தரவில் இட்ட எண்ணையும் இணைக்கும் பட்டியலைத் தரவு இருக்கும் கணினியில் வைக்காதீர்கள்.