சிவப்புக் கதவுக்கு வெளியே

பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில், அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சபையின் அலுவலகத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வார நாட்களில் கணக்கு, தபால், ஞாயிறு ஆராதனைத் தாளான புல்லட்டின் அச்சடிப்பது, ஹீட்டர் கெட்டுப்போனால் ஆள் பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு. ஞாயிறு காலையில் மட்டும் வேறு வேலை. ஆராதனைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயர் இதை என்னிடம் ஒப்படைத்தபோது, சிரித்த முகமாக வாசலில் நின்று கைகொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

எந்த வாசலில் நிற்பது என்பதிலேயே தவறிவிட்டேன்.

இந்த நாட்டில் பல எபிஸ்கோப்பல் ஆலயங்களைப் போல எங்கள் ஆலயத்துக்கும் தெருப்பக்கக் கதவு சிவப்பு. ஆனால் சபையார் யாரும் அதன் வழியாக வருவதில்லை. காரைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு, சமையலறையை ஒட்டிய சின்னக் கதவில் நுழைந்து, காபி வாசனையோடு உள்ளே வந்துவிடுவார்கள். நானும் அங்கேதான் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன். ஒரு ஜனவரி ஞாயிறு, ஏதோ எடுக்க முன்பக்கம் போனேன். சிவப்புக் கதவின் இரும்பு வளையத்தை வெளியிலிருந்து யாரோ இழுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை. அப்புறம் இல்லை. தாழ்ப்பாள் குளிரில் இறுகிப்போயிருந்தது. அதை நீக்கி எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு பெண்ணும் சின்னப் பையனும் பனிக்குள் பாதித் தூரம் போய்விட்டார்கள். கூப்பிட்டேன், அவர்கள் காதில் விழவில்லை. நான் நின்ற படியிலிருந்து பத்தடியில்தான் எங்கள் பலகை இருக்கிறது: ‘எபிஸ்கோப்பல் திருச்சபை உங்களை வரவேற்கிறது.’

அந்தப் பையன் போட்டிருந்த நீலக் குல்லா இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அந்தத் தாழ்ப்பாளை நீக்குவதுதான் என் முதல் வேலை. தெரிந்தவர்கள் வரும் வழி வேறு, தெரியாதவர்கள் வரும் வழி வேறு என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

உள்ளே வந்த பிறகு அடுத்த சிக்கல், எங்கே உட்காருவது. எங்கள் பெஞ்சுகளின் ஓரத்தில் பித்தளை எண் தகடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் குடும்பங்கள் வருடத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டி பெஞ்சை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்தப் பணத்தில்தான் பல சபைகள் நடந்தன. வாடகை போய்ப் பல தலைமுறை ஆனாலும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஒரு தடவை எங்கள் சபைப் பெரியவர் ஒருவர், முதல் முறையாக வந்த தம்பதியிடம், “இது நாங்கள் வழக்கமாக உட்காரும் இடம்” என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர்கள் மன்னிப்புக் கேட்டு எழுந்து கடைசி வரிசைக்குப் போனார்கள்.

இந்த ஊரில் அப்படி ஒருவரை எழுப்புவது சின்ன விஷயம் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே பிலடெல்பியாவில், ஒரு மெத்தடிஸ்ட் ஆலயத்தில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கச் சொல்லி இழுத்தார்கள். கறுப்பின மக்கள் அத்தனை பேரும் ஒன்றாக வெளியேறினார்கள். அவர் வழிநடத்திய சபை 1794இல் பரிசுத்த தோமாவின் பெயரில் எபிஸ்கோப்பல் திருச்சபையில் சேர்ந்தது. பிற்பாடு அவரே அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவர் ஆனார். பிப்ரவரி 13ஆம் தேதி அவரை நினைத்து ஆராதனை நடத்துகிறோம். அந்தப் பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை யாரும் எழுப்பக் கூடாது என்று இப்போது வாசல் ஊழியர்கள் எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்புறம் புத்தகங்கள். புதிதாக வந்தவரின் கைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இது புரியும். 1979ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகம் ஒரு கையில். திருவிருந்து ஆராதனை 355ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. விசுவாசப் பிரமாணம் 358. உடனே பொது மன்றாட்டுக்கு 383க்குப் பிறகு எங்கோ தாவ வேண்டும், திரும்பவும் 360க்கு வர வேண்டும். ஒரு விரல் 358இல், இன்னொரு விரல் 383இல். இதற்கிடையில் பாட்டுப் புத்தகம். பலகையில் எஸ் 280 என்று போட்டிருக்கும். அவர் 280ஆம் பாட்டைத் திருப்புவார், அங்கே வேறு பாட்டு இருக்கும். எஸ் எண்கள் எல்லாம் புத்தகத்தின் முன்பகுதியில் தனியாக இருக்கின்றன, அது பழகியவர்களுக்குத்தான் தெரியும். சுற்றிலும் எல்லாரும் பார்க்காமலே பாடுவார்கள். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிடுவார். மூடுகிற அந்த இடத்தில்தான் ஆளை இழக்கிறோம் என்பது என் அனுபவம்.

அதனால் ஆராதனை முறை முழுவதையும் புல்லட்டினிலேயே அச்சடிக்கலாம் என்றேன். காகிதச் செலவை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. ஜெபப் புத்தகம் கையில் இருக்க வேண்டும், அதுதான் நம் அடையாளம் என்று கமிட்டியில் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்போது இரண்டும் வைத்திருக்கிறோம். புல்லட்டினில் எல்லாம் இருக்கும், பக்க எண்ணும் இருக்கும். யாராவது திணறுவது தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் என் புத்தகத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொள்வேன்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் கோயிலில் செய்வது போல, அறிவிப்பு நேரத்தில் புதியவர்களை எழுந்து பெயர் சொல்லச் சொல்லலாம் என்று ஆயரிடம் கேட்டுக்கொண்டது நான்தான். ஒரு இளைஞர் எழுந்தார். பெயர் யாருக்கும் கேட்கவில்லை. கைதட்டினோம். காணிக்கைப் பாட்டின்போது இடம் காலியாக இருந்தது. அவர் அம்மா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அழுவதற்கு ஓர் இடம் தேடி வந்தவரை எழுப்பி நிறுத்திவிட்டேன். இங்கே வருகிறவர்களில் பலர் ஏதோ ஒன்று நடந்த பிறகு வருகிறவர்கள். கடைசி வரிசையில் தூண் மறைவில் உட்கார்ந்திருப்பவரை அங்கேயே இருக்க விடுவதும் உபசாரம்தான். ஒருவருக்குத் திருவிருந்து பெற முன்பக்கம் வரத் தயக்கம் இருந்தால், கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்தால் ஆசீர்வாதம் மட்டும் பெறலாம், வராமல் உட்கார்ந்தும் இருக்கலாம் என்று மட்டும் சொல்கிறோம்.

ஆராதனையில் புதியவர்கள் மிகவும் மிரளும் இடம் 360ஆம் பக்கம், சமாதான வாழ்த்து. திடீரென்று எல்லாரும் எழுந்து கைகொடுத்துக்கொள்வார்கள், சிலர் கட்டியணைப்பார்கள். அறிமுகம் இல்லாதவருக்கு அது ஒரு அலை மாதிரி வந்து மோதும். ஆனால் எனக்கு அந்தப் பக்கத்தின் மேல் தனிப் பிரியம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவான எங்கள் ஊர்த் தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் தன் திருவிருந்து முறையை எழுதியபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தைப் பார்த்துச் சமாதான வாழ்த்தை மக்களிடம் திரும்பக் கொண்டுவந்தது. மேற்கத்திய சபைகள் பின்னால் அதைக் கையில் எடுக்க நம் முறையும் ஒரு தூண்டுதல்.

போன குளிர்காலத்தில் ஒரு பாட்டி சிவப்புக் கதவு வழியாக மகனோடு வந்தார். சேலைக்கு மேல் மகனுடைய கோட்டு. நான் தமிழில் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ எந்த ஊரும்மா?”

“நாசரேத், பாட்டி.”

“நான் பாளையங்கோட்டை. ஊசிக்கோபுரத்துக் கோயில். இது நம்ம கோயில் மாதிரியாம்மா?”

“நம்ம கோயில்தான் பாட்டி. பாஷைதான் வேற.”

சமாதான வாழ்த்து வந்தபோது பக்கத்தில் இருந்த வயதான அமெரிக்கப் பெண்மணி கைநீட்டினார். பாட்டி குலுக்கவில்லை. நம் முறைப்படி அவருடைய வலது உள்ளங்கையோடு தன் வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் அதை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்த அம்மையார் நாற்பது வருடமாக அதே சபையில் இருப்பவர். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

விசா முடிந்து பாட்டி ஊருக்குப் போய்விட்டார். அந்த அம்மையார் இப்போது யாருக்கும் அப்படித்தான் சமாதானம் சொல்கிறார். போன ஞாயிறு அவருக்குப் பக்கத்தில் முதல் முறையாக வந்த ஒருவர் கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார். அம்மையார் முந்திக்கொள்ளவில்லை, அவராகக் கைநீட்டும் வரை காத்திருந்தார். நீட்டியதும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வந்தவர் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தன் இடது கையையும் மேலே வைத்தார். அதற்குள் ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. நான் அவருடைய புத்தகத்தை எடுத்து 361ஆம் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.