இரவு ஷிஃப்டில் எத்தனை பேர்?

முதியோர் இல்லம் தனியார் நடத்துவது நல்லதா, அரசு நடத்துவது நல்லதா என்று கேட்பவர்களிடம், இரவு ஷிஃப்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்வோம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்கி, 30 டிகிரி சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் உயர்த்தி, டயபர் மாற்றி முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அப்படி 12 பேர் இருந்தால் இரண்டு மணி நேரமும் அதற்கே சரி. நடுவில் ஒருவர் கழிப்பறைக்குக் கூப்பிட்டாலே எல்லாம் தள்ளிப்போகும். பிறகு ஒருவரே தனியாக இழுத்துத் திருப்புவார். தோல் விரிப்பில் ஒட்டி நிற்க, உள்ளே சதை இழுபடும். முதலில் வால் எலும்புக்கு மேல் சிவக்கும். விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாகவோ இறுகியோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

லாபத்துக்கு நடத்தும் இல்லத்தில் பெரிய செலவு சம்பளம். சிக்கனம் என்றால் முதலில் அங்கேதான் கைவைப்பார்கள். வரவேற்பறையை யாரும் குறைப்பதில்லை. ஆட்கள் அடிக்கடி மாறும்போது, பக்கவாதம் வந்த அம்மாவுக்கு வாயின் எந்தப் பக்கம் ஊட்டினால் விழுங்குவார் என்பது தெரிந்தவரும் போய்விடுகிறார். அரசு இல்லத்தில் ஆட்கள் நிலைப்பார்கள், அது பெரிய பலம். ஆனால் ஓய்வுபெற்றவரின் இடம் காலியாகவே கிடக்கும்; படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையின் மோட்டார் பழுதானால் கோப்பு நகரும்வரை பெரியவர் வெறும் மெத்தையில் கிடப்பார். அந்த மோட்டாரை நல்ல தனியார் இல்லம் அன்றே மாற்றிவிடும்.

2009இல் 82 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அரசு இல்லங்களும் அடங்கிய லாப நோக்கமற்ற பிரிவில்தான் சராசரியாக ஆள்பலம் கூடுதலாகவும் படுக்கைப்புண் குறைவாகவும் இருந்தன. ஆனால் சேரப்போகும் இல்லம் எப்படி என்பதைச் சராசரி சொல்லாது.

அதனால் விடுமுறை நாளில் இரவு உணவு நேரத்தில் போங்கள். ஒருவர் எத்தனை பேருக்கு ஊட்டுகிறார் என்று எண்ணுங்கள். சாப்பிட்டதும் படுக்கவைக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காராவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். திருப்பிப் படுக்கவைத்த பதிவேட்டில் 10, 12, 2, 4 மணிப் பதிவுகள் ஒரே வீச்சில் எழுதியதுபோல் இருந்தால் நம்ப வேண்டாம். மாத எடைப் பதிவைக் கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்திருந்தால், ஏன் என்று பொறுப்பு நர்ஸ் உடனே சொல்ல வேண்டும்.