திண்ணையில் உட்கார்ந்தவன்

2025 ஏப்ரல் 26 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் ஆளை மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்கும் மசோதா. 29ஆம் தேதியே நிறைவேறிவிட்டது. ஜூனில் ஆளுநரின் ஒப்புதலும் வந்தது. நான் இப்போது ஒரு சிமெண்டுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லாவில் உட்கார்ந்தபடி போனில் அந்தச் செய்தியைப் படித்தேன். எதெல்லாம் வலுக்கட்டாய வசூல் என்று ஒரு பட்டியல் இருந்தது. கடன் வாங்கியவரை அவமதிப்பது, மிரட்டுவது, போகுமிடமெல்லாம் பின்தொடர்வது, அவர் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ அடிக்கடி போய் நிற்பது. நான் மூன்று வருடம் பார்த்த வேலையை யாரோ கூடவே வந்து குறிப்பெடுத்ததுபோல இருந்தது.

2016இலிருந்து 2019வரை ஒரு நுண்கடன் நிறுவனத்தில் ஃபீல்ட் ஆபீசராக இருந்தேன். ஆபீசர் என்பதெல்லாம் ஐடி கார்டோடு சரி. ஊரில் 'குழு லோன் சார்', கோபம் வந்தால் 'பைனான்ஸ்காரன்'. பண்ருட்டியைச் சுற்றியுள்ள கிராமங்கள் என் ஏரியா. பெண்கள் பெரும்பாலும் முந்திரி உடைக்கப் போகிறவர்கள். கொட்டையின் பால் பட்டுக் கறுத்த விரல்களால்தான் நோட்டுகளை எண்ணித் தருவார்கள்.

காலை ஆறரைக்கே சென்டர் மீட்டிங் தொடங்கிவிடும். கோயில் வாசலிலோ குழுத் தலைவி வீட்டுத் தாழ்வாரத்திலோ பாய் விரித்திருப்பார்கள். குழு குழுவாக வரிசையில் உட்கார வேண்டும். முதலில் உறுதிமொழி. தவணையை ஒழுங்காகக் கட்டுவோம், குழுவில் ஒருவரால் முடியாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி இருக்கும். 25,000 ரூபாய் கடனுக்கு வாரம் 560 ரூபாய் கட்ட வேண்டும். அடமானம் கிடையாது, ஜாமீன் கையெழுத்தும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் ஜாமீன்.

ஆள் சேர்க்கும்போது ஒரு வசனம் வைத்திருந்தோம். "நாங்க கந்துவட்டி இல்லக்கா, ரிசர்வ் பேங்க்ல பதிவு பண்ண கம்பெனி." அது உண்மைதான். கந்துவட்டிக்கு 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதைப் பின்னால்தான் படித்துப் பார்த்தேன். நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் சொற்களுக்கெல்லாம் அகராதிபோல விளக்கம் எழுதியிருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் மீட்டர் வட்டியைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது.

பயிற்சியில் எங்களுக்கு ஆந்திராவைப் பேய்க்கதை மாதிரி சொன்னார்கள். 2010 அக்டோபரில் அந்த அரசு நுண்கடன் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் அவசரச் சட்டம் போட்டது. அதன்பின் மக்கள் தவணை கட்டுவதை நிறுத்த, பெரிய பெரிய கம்பெனிகளே ஆட்டம் கண்டன. "ஒரு சென்டர்ல ஒரு பொம்பளைய விட்டா போதும், அடுத்த வாரம் மொத்த ஊரும் கட்டாது" என்பார் மேனேஜர். கடன் தொல்லையால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்த பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது என்பதை அவர் சொல்லவே இல்லை. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை.

டியூ வராத அன்று என்ன நடக்கும் என்பதைச் சொன்னால்தான் இந்த வேலை புரியும். நான் யாரையும் அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதும் இல்லை. உட்காருவேன், அவ்வளவுதான். "பணம் வராம மீட்டிங் முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மற்ற பெண்களும் எழுந்திருக்க முடியாது. மணி எட்டாகும். முந்திரிக் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிக்கும். வண்டி போய்விட்டால் அன்றைய கூலி போச்சு. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, எல்லாவற்றையும் அவர்களே பேசிக்கொள்வார்கள். பிறகு மொத்தமாக எழுந்து, பணம் கட்டாதவள் வீட்டுக்குப் போவார்கள். நான் பின்னாலேயே போய்த் திண்ணையில் உட்காருவேன்.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த வாரத்தில் இது உச்சத்துக்குப் போனது. கையில் பணம் வைத்திருந்தவர்களிடமும் பழைய நோட்டுதான் இருந்தது. அதை வாங்காதே என்று எங்களுக்கு உத்தரவு. வசூல் மட்டும் குறையக் கூடாது, அதுவும் உத்தரவு. ஒரு அக்கா பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது காசு இல்லன்னா நான் வேற எதத் தம்பி அச்சடிக்கிறது?" என்று கேட்டாள். அதுவரை 'சார்' என்று கூப்பிட்டவள் அன்றைக்குத் தம்பி என்றாள். நான் ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு எதிரே ஓடி என்று எழுதினேன். ஓவர்டியூவுக்கு எங்கள் சுருக்கம் அது.

நான் வேலையை விட்டு மூன்று வருடம் கழித்து, 2022இல் ரிசர்வ் வங்கி புதிய விதிகள் கொண்டுவந்தது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது. பேசி வைத்த இடத்தில்தான் வசூல் செய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். நல்ல விதிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் முந்திரி உடைக்கிறவள் ஒன்பதிலிருந்து ஆறுவரை எங்கே இருப்பாள் என்று அந்த நேரத்தைக் குறித்தவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. மீட்டர் வட்டியைச் சட்டத்தில் எழுதியவர்களாக இருந்தால் யோசித்திருப்பார்கள்.

தமிழ்நாட்டின் புதிய சட்டத்தில் மூன்று வருடம்வரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம். கடன் வாங்கியவர் நெருக்கடியால் உயிரை விட்டால் தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு வரும். இன்னும் அந்த வேலையில் இருக்கும் நண்பன் போன் செய்து, "இனிமே கும்பிட்டுத்தான்டா காசு கேக்கணும்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் டார்கெட் இருக்கிறது. வசூல் குறைந்தால் இன்சென்டிவ் போய்விடும், அப்புறம் மேனேஜரின் வாய். அந்த வாயைப் பற்றி எந்த மசோதாவும் வராது.

அன்றிரவு அந்தப் பட்டியலை மறுபடி எடுத்து, நான் செய்தது எது, செய்யாதது எது என்று எண்ணிப் பார்த்தேன். அவமதிப்பு: வாயால் இல்லை. வீட்டுக்குப் போய் நிற்பது: கணக்கே இல்லை. அரசு உதவி பெறுவதற்கான ஆவணங்களைப் பிடுங்குவது: இல்லவே இல்லை. எங்கள் கம்பெனியில் ஆதார் ஜெராக்ஸைத் தவிர எதையும் வாங்க மாட்டோம். அந்த வரியைத் தாண்டிப் போக இருந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

2018இல் ஒரு குழுத் தலைவி டியூ பணத்தை பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அடியில் ஒரு ஸ்மார்ட் ரேஷன் கார்டு கிடந்தது. அதில் இருந்த போட்டோ அவளுடையது இல்லை. அதற்கு முந்தைய மாதம் நான்கு வாரம் தவணை கட்டாமல் விட்ட பெண்ணின் முகம். அவளுக்காக மற்றவர்கள்தான் தங்கள் கூலியைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் கார்டைப் பார்த்ததைத் தலைவியும் பார்த்தாள். "அவ காசு தரட்டும் சார், குடுத்துடுறேன்" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

நான் பணத்தை எண்ணி, ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சென்டருக்கு வண்டியை எடுத்தேன்.