விளக்கம் ஏற்புடையதாக இல்லை

டாக்டர்களுக்கு மருத்துவக் கவுன்சில், வக்கீல்களான எங்களுக்கு பார் கவுன்சில் என்று பதிவு இருக்கிறது. பள்ளி ஆசிரியருக்கு நம் ஊரில் அப்படி ஒரே பதிவேடு கிடையாது. அவருடைய தொழில் தகுதி பல தாள்களில் பிரிந்து கிடக்கிறது: பி.எட். பட்டம், எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர் என்றால் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) சான்றிதழ், சான்றிதழ்கள் போலி இல்லை என்று சொல்லும் உண்மைத்தன்மைச் சான்று, உதவிபெறும் பள்ளி என்றால் கல்வி அலுவலர் தரும் நியமன ஒப்புதல். இவற்றில் ஒன்றை அதிகாரி ஏற்க மறுத்தாலும் சம்பளம் நின்றுவிடும். அப்படி நின்றவர்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அதிகாரியின் ஆணையை எதிர்க்கும் மனு, போடுவதுதான் பல வருடங்களாக என் வேலை.

வடசென்னையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த ஒரு டீச்சருக்கு, பட்டத்துக்கு இணைத்தன்மை இல்லை, அதாவது அந்த வேலைக்குக் கேட்கும் பட்டத்துக்கு அது சமம் இல்லை என்று சொல்லி நியமன ஒப்புதலை ரத்து செய்திருந்தார்கள். பாரிமுனையில் இருக்கும் என் அறைக்கு அந்தச் செயல்முறை ஆணையைக் கொண்டுவந்தார். மேலே ந.க. எண் என்ற கோப்பு எண், நாள், அடுத்து ஆணைக்கு அடிப்படையான கடிதங்களைச் சொல்லும் 'பார்வை' என்று ஒரு பட்டியல். மூன்றாவது பார்வையாக அவர் கொடுத்த விளக்கக் கடிதம் இருந்தது. தன் பட்டம் இணையானது என்று சொல்லும் அரசாணையின் நகலையும் அதோடு இணைத்திருந்தார். ஆணையின் உள்ளே போனால் அதைப் பற்றி ஒரே ஒரு வரி: 'ஆசிரியரின் விளக்கம் ஏற்புடையதாக இல்லை.' ஏன் ஏற்புடையதாக இல்லை? அரசாணையைப் படித்தார்களா? ஒன்றும் இல்லை.

இந்த ஒரு வரியை எத்தனையோ ஆணைகளில் பார்த்துவிட்டேன். இன்னும் கோபம் வருகிறது. ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கும்போது அவர் எழுதிக் கொடுத்ததற்குக் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டாமா?

"நான் தகுதியானவள்னு ஜட்ஜ் சொல்லிடுவாரா சார்?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் அதைச் சொல்ல மாட்டார், டீச்சர். உங்களைக் கேட்டு, காரணம் சொல்லி முடிவெடுத்தார்களா என்றுதான் பார்ப்பார்."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் செய்யும் நீதிச் சீராய்வு அப்படித்தான். அது மேல்முறையீடு இல்லை. அதிகாரியின் நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்து புதிதாக முடிவெடுப்பதில்லை. அதிகாரம் இருந்ததா, நோட்டீஸ் கொடுத்தார்களா, சம்பந்தப்பட்ட ஆவணத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்பதுதான் கேள்வி. ஆணையில் இல்லாத காரணத்தைப் பிறகு கோர்ட்டில் போடும் பதில் மனுவில் அதிகாரி சேர்த்து ஒட்ட முடியாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒழுங்கு நடவடிக்கை என்றால், தண்டனைக்கு முன் விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்தாக வேண்டும் என்பது 1993-இல் கருணாகர் வழக்கில் வந்தது. இவ்விரண்டையும் நாங்கள் சொல்லாத வாரமே கிடையாது.

விதியே எதிராக இருந்தால் இந்த வாதம் கைகொடுக்காது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் டெட் தேர்ச்சி வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மூத்த ஆசிரியர்கள் பலர் கலங்கிப்போய்க் கேட்டார்கள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும், அதற்குக் குறைவாக இருப்பவர் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது என்றது தீர்ப்பு. அங்கே நோட்டீஸ் சரியில்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, நோட்டீஸுக்கு என்ன பதில் கொடுத்தீர்கள் என்பதைத்தான். தலைமையாசிரியர் சொன்னார் என்று வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் நிறைய. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ரிட் மனுவில் போராடுவது சிரமம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில், ஆவணம், தபால் பிரிவின் முத்திரை விழுந்த நகல்: இவை கையில் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

வடசென்னை டீச்சர் அப்படிக் கொடுத்திருந்தார். ஆணை ரத்தாகி, மறுபரிசீலனைக்குத் திரும்பிப் போனது. கெடு வைத்து அனுப்பச் சொல்லிக் கேட்டோம், நீதிபதியும் வைத்தார். கெடு இல்லாமல் திருப்பி அனுப்பும் உத்தரவு, சம்பளம் இல்லாத ஆசிரியருக்கு இன்னொரு காத்திருப்பு மட்டும்தான் என்பது என் எண்ணம். இந்த முறை வந்த ஆணை அரசாணையைப் பெயர் சொல்லி எடுத்துப் பேசியது, ஒப்புதலும் கிடைத்தது. நிலுவைச் சம்பளம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.